வாப்பாவுக்குக் காட்டிய கதவு

போன வாரம் வேலை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து புதிதாகப் படிக்க வந்தவள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முதுகுப் பையை மடியில் வைத்து, யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடப் போவதுபோல ஒரு கையால் அணைத்திருந்தாள். இன்னொரு கையில் போன். வீடியோ அழைப்பு. திரையில் ஒரு நெற்றி, அதற்கு மேலே சுற்றும் மின்விசிறி. அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அம்மாக்கள் எப்படியாவது முகத்தைத் திரைக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். அப்பாக்களுக்கு நெற்றிதான். "பாருங்கப்பா, ட்ரெயின்லதான் வந்துட்டிருக்கேன்" என்று அவள் போனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். அந்த ஒரு சுற்றில் நானும், என் பக்கத்தில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த சீனப் பெரியவரும் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு வீட்டுக் கூடத்துக்குள் போய்விட்டு வந்தோம். நான் வேறு, கூச்சமே இல்லாமல் கையை அசைத்துவைத்தேன்.

சிரிக்காதீர்கள். படிக்க வந்த புதிதில் எனக்கும் தினமும் ஒரு நெற்றி வந்துகொண்டிருந்தது. நடுவில் தொழுகைத் தழும்பு உள்ள நெற்றி, என் வாப்பாவுடையது.

வாப்பாவுக்கு நாகூரில் இரும்புக்கடை. கம்பி, சிமெண்ட் விற்கிற பெரிய கடை இல்லை. கீல், தாழ்ப்பாள், ஆணி, கொண்டி, பூட்டு. ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத்தான் பார்ப்பார். சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பார்க்காமல் நிலைக்கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று உம்மா இன்றைக்கும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர், மகள் கடல் தாண்டிப் போய் மேல்படிப்புப் படிக்கிறேன் என்றதும் சரி என்று சொன்னதே பெரிய விஷயம். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அங்கே தோ பாயோ என்ற பேட்டையில் இருக்கிற மாமா வீட்டில் தங்க வேண்டும்.

அதற்கும் நான் தலையாட்டிவிட்டேன். பிறகுதான் பல்கலைக்கழக விடுதியில் இடம் கிடைத்திருப்பதாக மின்னஞ்சல் வந்தது. வளாகத்துக்குள்ளேயே அறை, நூலகத்துக்கு நடந்து போகலாம். சின்ன வயதிலிருந்து மூன்று அண்ணன்களோடு ஒரே குளியலறைக்கு முட்டி மோதி வளர்ந்தவளுக்கு, தன் பெயரில் ஒரு அறைச் சாவி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உம்மாவிடம் மட்டும் காதோடு சொன்னேன். உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். "நான் எதையும் கேக்கல. ஒன் மாமாகிட்ட நீயே பேசிக்க" என்று குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்கள்.

சாங்கி விமான நிலையத்தில் மாமாவை முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும் முன்பே வாசனை வந்துவிட்டது. புதுத்துணிக் கஞ்சியும் அந்துருண்டையும் கொஞ்சம் அத்தரும் கலந்த வாசனை. ஹமீது மாமா உம்மாவின் தம்பி. மீசை அரும்புகிற வயதில் கப்பலேறி வந்து, தேக்கா சந்தைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் புடவைக்கடை வைத்து ஊன்றிக்கொண்டவர். அந்த வாசனை அவர் சட்டையில் இல்லை, தோலிலேயே ஏறியிருந்தது. பக்கத்தில் சல்மா மாமி. மாமி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். பாலர் பள்ளியில் ஆசிரியை. அதனால் எல்லாரிடமும், மாமாவிடமும்கூட, நாலு வயதுப் பிள்ளையிடம் பேசுவதுபோலவே நிதானமாகப் பேசுவார்.

டாக்சியில் ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் தைரியம் கரைந்துவிடும் என்று பயம்.

"மாமா, எனக்கு ஹாஸ்டல் கெடச்சிருக்கு. நாளைக்குச் சாவி வாங்கப் போறேன்."

மாமா முன் இருக்கையிலிருந்து திரும்பினார். "ஹாஸ்டலா? எதுக்கு? வீடு இருக்குல்ல? ஒனக்குன்னு ரூம் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன் புள்ள. வாப்பாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

மாமிதான் இந்த ஊர் 'லா' போட்டு வாயைத் திறந்தார். "தோ பாயோலேருந்து அங்க போக ஒன் அவருக்கு மேல ஆகும் லா. வர அதே டைம். அவ படிக்க வந்திருக்கா, எம்.ஆர்.டி. ட்ரெயின்ல குடியிருக்க வரல."

மாமாவுக்குள் இருக்கிற வியாபாரி பேசினார். "சரி, போ. ஆனா ஒண்ணு. நான் ஒன் வாப்பாகிட்டப் பொய் சொல்ல மாட்டேன். அவர் கேக்காததை நானாச் சொல்லவும் மாட்டேன். அதுக்கு மேல ஒன் பாடு."

மறுநாள் பெட்டியோடு அவரும் விடுதிக்கு வந்தார். துணி மூட்டை பிரித்துப் பார்ப்பது போலத்தான் அறையைப் பார்த்தார். திரைச்சீலையை இரண்டு விரலால் தேய்த்து, "பாலியெஸ்டர்" என்று உதட்டைப் பிதுக்கினார். குழாயைத் திறந்தார், மூடினார். என்னோடு தங்கப் போகிற லான் என்ற வியட்நாம் பெண் கட்டிலில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், யாரோ அரசாங்க அதிகாரி என்று நினைத்துக் கிண்ணத்தோடு எழுந்து நின்றுவிட்டாள். அந்தத் தாழ்வாரத்தின் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது: நூடுல்ஸ் மசாலா, துணி உலர்த்தும் இயந்திரத்தின் வெப்பக் காற்று, யாரோ தலைக்குத் தேய்த்த மெந்தோல் தைலம். இப்போதும் எங்காவது இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு இருபத்திரண்டு வயது ஆகிவிடும்.

அப்போது நான் ரொம்பத் தெனாவட்டாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் ஆங்கிலப் பேச்சுப்போட்டிக் கோப்பைகள் வாங்கியவள். முதல் நாள் வளாக உணவுக்கடையில் ஒரு அக்கா, "ஹேவிங் ஹியர், தாபாவ்?" என்று கேட்டார். தாபாவ் என்பது ஏதோ உள்ளூர்ப் பலகாரம் என்று நினைத்து, உடைந்துபோகாத ஆங்கிலத்தில், "ஒரு பிளேட் தாபாவ் கொடுங்கள், காரம் கம்மியாக" என்றேன். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். தாபாவ் என்றால் பார்சல். லான்தான் சொல்லிக்கொடுத்தாள். அவள் அதற்கு முந்தின நாள் அதே கடையில் அதையே கேட்டிருந்தாளாம். அன்றைக்கே நாங்கள் சிநேகிதிகள்.

பகலெல்லாம் இப்படிக் குஷியாகப் போகும். சாயங்காலம் ஆனால் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். வாப்பா பிற்பகல் அஸர் தொழுகை முடித்துக் கடைக்குத் திரும்புகிற வழியில் கூப்பிடுவார். அந்த நேரத்தில் நான் தோ பாயோவில் மாமா வீட்டுச் சோபாவில், சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே, பல காலமாக அங்கேயே இருப்பவள்போல உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காக வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து, ரயிலைப் பிடித்து, நடுவில் ஒருமுறை மாறி, தோ பாயோவில் இறங்கி, வியர்க்க வியர்க்க ஓடுவேன். மாமி கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பார். "குயிக், குயிக், தண்ணி அப்புறம் குடிக்கலாம்."

வாப்பாவின் நெற்றி வரும். "சாப்டியா? மாமி என்ன ஆக்குனா?"

"மீன் சம்பல் வாப்பா."

அதை நான் அப்போதுதான், அடுப்படியிலிருந்து வந்த வாசனையை வைத்துச் சொல்லியிருப்பேன். பேசி முடித்து, சாப்பிட்டு, மறுபடி அதே ரயில், அதே பஸ். மாமி சொன்னது பலித்துவிட்டது, நான் எம்.ஆர்.டி.யில்தான் குடியிருந்தேன். ரயிலில் நின்றபடியே பாடக் குறிப்பைப் படித்ததில், ஆக்சிஜனேற்றம் என்ற வார்த்தையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு "டோர்ஸ் ஆர் க்ளோசிங்" என்று கேட்கும்.

இந்த நேரத்தில்தான் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைக்கு வா, கூட்டத்தைப் பார் என்றார் மாமா. கடை இருக்கும் லிட்டில் இந்தியாவின் ஞாயிறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். துவாஸ் தொழிற்பேட்டையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வேலைக்கு வந்த தம்பிகள் வாரத்துக்கு ஒருநாள் குளித்து, வாரிய தலையோடு தெரு முழுக்க நிற்பார்கள். மாமா கடையில் அன்றைக்குத்தான் வியாபாரமே. வாங்குகிறவர் இங்கே, கட்டப் போகிறவர் புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ. ஆகவே புடவை போனில்தான் தேர்வாகும். கடையின் டியூப்லைட்டில் பச்சை நீலமாகத் தெரிகிறது என்று மாமா புடவையை வாசலுக்கு எடுத்துப் போய், பகல் வெளிச்சத்தில் இரண்டு கையாலும் விரித்துப் பிடிப்பார். போன் பிடித்திருப்பவர் முந்தியிலிருந்து கரைவரை மெதுவாகக் கொண்டுபோவார். அந்தப் பக்கத்துப் பெண் வாய் திறக்கும்வரை கடையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

என்னை மாமா எல்லாரிடமும், "என் அக்கா மவ. சாக்கடைத் தண்ணியைக் குடிதண்ணி ஆக்குற படிப்பு படிக்க வந்திருக்கு" என்று அறிமுகம் செய்துவைத்தார். நீர் சுத்திகரிப்பு என்று எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் அவருக்கு அது பிடிக்கவில்லை.

மத்தியானம் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும், கப்பல் பட்டறையில் வெல்டர். இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. மனைவியைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தக் கையை நிதானமாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். பழக்கப்பட்ட மாதிரி இருந்தது. அந்த அம்மாள் ஒரு மெரூன் புடவையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "என்னங்க, எளச்சிட்டீங்களே" என்றார். "கேமரா அப்படிக் காட்டுது. நல்லா இருக்கேன். நல்ல சாப்பாடு, நல்ல ரூமு" என்றார் இவர். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. போனை வைத்ததும் சிரிப்பும் போய்விட்டது. கையை மெல்ல முன்னால் எடுத்துத் தடவிக்கொண்டார்.

நான் புடவை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவர் மறைத்தது ஒரு காயத்தை. தெரிந்தால் அங்கே ஒருத்திக்குத் தூக்கம் போகும் என்று மறைத்தார். நான் எதை மறைக்கிறேன்? நல்ல அறையை. நல்ல சிநேகிதியை. ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மழை மரத்தை, அதான் நம்ம தூங்குமூஞ்சி மரத்தை. சந்தோஷத்தை ஒளித்துவைத்துக்கொண்டு திருடிபோல ஓடிக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. நாளையிலிருந்து தோ பாயோவுக்கு ஓடப் போவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்தேன். மாமாவிடம் சொன்னேன். "நல்லாச் சொல்லு. எனக்கும் நெஞ்சுல பாரம் கொறையும்" என்றார்.

திங்கட்கிழமை வாப்பா கூப்பிட்டபோது விடுதி அறையில் இருந்தேன்.

"வாப்பா, நான் ஹாஸ்டல்லதான் இருக்கேன். வந்ததுலேருந்து இங்கதான். மாமா வீட்லேருந்து தூரம். எனக்கு இங்க இருந்து படிக்கணும்."

நெற்றிக்குக் குறுக்கே ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான், திரை இருண்டுவிட்டது. அடுத்த அழைப்பு மாமாவுக்குப் போயிருக்கிறது. "நீங்க கேக்கலயே மச்சான்" என்று மாமா சொன்னதற்கு வாப்பா என்ன சொன்னார் என்பதை மாமா இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை. மாமி மட்டும், "ஒன் மாமா காது செவந்துபோச்சு" என்றார்.

அதன் பிறகு வாப்பா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. உம்மாதான் பேசினார்கள். "வாப்பாவுக்கு ஒம்மேல கோவம் இல்ல. பயம். அந்தப் புள்ள தனியாக் கெடக்குமேன்னு சோறு எறங்க மாட்டேங்குது" என்றார்கள். அழுகை வந்தது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். எனக்கு வந்தது யோசனைதான். கோபத்தோடு பேச முடியாது. பயம் என்றால் அதற்கு ஏதாவது செய்யலாம். வாப்பாவின் பயத்துக்கு எதைக் காட்டினால் பதில் ஆகும்?

மறுநாள் வகுப்பு முடிந்ததும், அங்கே கடையில் நல்ல வியாபாரம் நடக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். வாடிக்கையாளர் முன்னால் போன் அடித்துக்கொண்டே இருந்தால் வாப்பாவுக்குப் பொறுக்காது. எடுத்துவிட்டார். ஸலாம் சொன்ன கையோடு, அவர் வைப்பதற்குள் சொன்னேன்:

"வாப்பா, ஒரு கதவைப் பத்திச் சந்தேகம் கேக்கணும்."

பின்னால் யாரோ ஆணி எடைபோடும் சத்தம் கேட்டது.

"என்ன கதவு?"

"என் ரூம் கதவு."

"காட்டு" என்றார்.

போனைத் திருப்பினேன். "இன்னும் கிட்டக் கொண்டுபோ. கீல் எத்தன?"

"மூணு."

"ஸ்க்ரூ எல்லாம் இருக்கா? நடு கீல்ல ஒண்ணு இல்லாம இருக்கும் பாரு, எல்லாப் பயலும் அதுலதான் ஏமாத்துவான்."

"எல்லாம் இருக்கு வாப்பா."

"சாத்து. ம்ம். சத்தம் இல்ல. எண்ண போட்டிருக்கானுவ. தாழ்ப்பாளப் போடு. போட்டியா? இப்ப வெளிய யாரையாச்சும் வுட்டு இழுத்துப் பாக்கச் சொல்லு."

லான் அப்போதுதான் நூலகத்திலிருந்து வந்து தாழ்வாரத்தில் நின்றிருந்தாள். கதவை இழு என்று உள்ளேயிருந்து கத்தினேன். ஏன் என்று கேட்காமல் ஒருவர் சொன்னதைச் செய்கிற பெண் அவள். புத்தகங்களைத் தரையில் வைத்துவிட்டு, காலை நிலையில் ஊன்றிக்கொண்டு இழுத்திருக்கிறாள். கதவு அசையவில்லை. "வெரி ஸ்ட்ராங்!" என்று மூச்சு வாங்கக் கூவினாள்.

"யாரது?" என்றார் வாப்பா.

கதவைத் திறந்து லானை உள்ளே இழுத்தேன். நான் சொல்லிக்கொடுத்திருந்ததை அவள் மறக்கவில்லை. போனைப் பார்த்து, இடுப்பை லேசாக வளைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும், அங்கிள்" என்றாள்.

அந்தப் பக்கம் படபடவென்று ஏதோ நடந்தது. போன் ஆடியது. கூரை தெரிந்தது, பூட்டுகள் தொங்குகிற கம்பி தெரிந்தது, பிறகு வாப்பாவின் முகம் தாடியும் தொப்பியுமாக முழுசாகத் திரையில் வந்து நின்றது. வேற்றுப் பெண்ணுக்குப் பதில் ஸலாம் சொல்ல ஒழுங்காக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பதில் சொல்லிவிட்டு என்னிடம் தமிழில் கேட்டார், குரலைத் தாழ்த்தி, அவளுக்குப் புரிந்துவிடும் என்பதுபோல.

"இந்தப் புள்ள ராத்திரியும் ஒன்கூடத்தானே இருக்கும்?"

"இந்த ரூம்லதான் வாப்பா. அந்தக் கட்டில் அவளோடது."

"தனியா இல்லல்ல?"

"தனியா இல்ல வாப்பா."

வாப்பா எழுந்துபோக வேண்டிய அவசரத்தோடு, "கதவு நல்ல கதவுதான்" என்றார்.

எங்கள் வீட்டில் அனுமதி என்பது அப்படித்தான் வரும். கூடவே இரண்டு உத்தரவுகள்: ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மாமா வீட்டில், இனிமேல் மாமா தந்திரமாகப் பேசக் கூடாது. முதலாவதை நான் படிப்பு முடிகிறவரை காப்பாற்றினேன். இரண்டாவது மாமாவால் முடியாத காரியம்.

அந்த விடுதிக் கட்டடம் இப்போது இல்லை. இடித்துவிட்டுக் கண்ணாடியாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். மழை மரமும் போய்விட்டது. லான் ஹனோயில் பேராசிரியை. அவளுடைய மாணவிகள் அவளைப் பார்த்து எழுந்து நிற்பார்கள் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

நான் பட்டம் வாங்கியபோது வாப்பாவும் உம்மாவும் வந்திருந்தார்கள். விழாவுக்கு அடுத்த ஞாயிறு மாமா கடையில் நல்ல கூட்டம். சும்மா உட்காரத் தெரியாத வாப்பா வாசலில் போய் நின்றுகொண்டார். மாமா உள்ளே பேரம் பேசிக்கொண்டிருக்க, ஒரு தம்பி வாப்பாவின் கையில் கத்திரிப்பூ நிறப் புடவை ஒன்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டார். இரும்புக்கடைக்காரர் புடவையை விரித்துப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து உம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். போனுக்குள்ளிருந்து அந்தப் பெண் சந்தேகமாக இழுத்தார். "நெசமாவே இதுதான் கலரா? போன்ல ஒரு மாதிரித் தெரியுதே."

வாப்பா புடவையை இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்கு நகர்த்தினார். "இதுதாம்மா கலரு. நான் நேர்ல நின்னு பாத்துட்டுச் சொல்றேன். நம்பி எடுக்கலாம்" என்றார்.

"சரிங்க. அப்ப அதையே எடுக்கச் சொல்லுங்க" என்றது அந்தக் குரல்.

கடையும் இப்போது இல்லை. அங்கே போன் உறை விற்கிறார்கள். வாசலுக்குக் கண்ணாடிக் கதவு போட்டாயிற்று. புடவைகளை அந்தப் பெண்களே ஊரில் உட்கார்ந்தபடி போனில் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள், வீட்டுக்கே வந்துவிடுகிறது. நல்லதுதான். போன மாதம் மாமாவோடு அந்தச் சந்து வழியாகத் தேக்கா சந்தைக்கு நடந்துபோனேன். பழைய வாசலுக்கு எதிரே நான்தான் நின்றேன். மாமா நாலு எட்டு முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன நின்னுட்ட? நட புள்ள, நல்ல மீனெல்லாம் போயிடும்."